ராத்திரி வேர்க்குது, அது மாசம் நின்னதாலயா ரத்தத்தாலயா?

எங்க பெரியக்கா பாலக்கோடு பக்கத்துல பட்டுப்பூச்சி வளக்குது. புழு ரூம் செவுத்துல ஒரு தெர்மாமீட்டர் தொங்கும், பெரிய புழுவுக்கு 24லேர்ந்து 26 டிகிரிக்குள்ள இருக்கணும், ஏறுனா ஈரச்சாக்கு கட்டி விடணும், இல்லைனா புழு தழை திங்காது, கூடு சின்னதா போயிடும், தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில வெல கிடைக்காது. போன சித்திரையில ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு தழை போட போன அக்கா, மூஞ்சியெல்லாம் தண்ணி ஊத்துன மாதிரி வேர்த்து வெளிய ஓடி வந்து, ரூம் கொதிக்குதுடி சாக்கை நனைன்னு என்னை எழுப்புச்சு. நான் போய் பாத்தா தெர்மாமீட்டர் 25ல நிக்குது. கொதிச்சது ரூம் இல்ல, அக்கா.

வயசு 48. பொங்கலுக்கு முந்தின வாரம் கடைசியா நாள் வந்துச்சு, அதுக்கப்புறம் வரல. சரி, மாசம் நிக்கிற, அதாவது மாதவிடாய் முடியற வயசு தான, எல்லாருக்கும் இப்படித்தான் குப்புனு சூடு ஏறும்னு விட்டுடலாம். ஆனா அக்காவுக்கு நாலு வருஷமா பாலிசைத்தீமியா வீரான்னு ஒரு ரத்த நோய் இருக்கு, அந்த நோய்லயும் ராத்திரி வேர்க்கும். இந்த வேர்வை எந்தக் கணக்குல வருதுன்னு தெரியாம நாங்க ஒரு ஆறு மாசம் அலைஞ்சோம், அந்த அலைச்சல்ல கத்துக்கிட்டதையும் படிச்சதையும் தான் இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, கூட ஆஸ்பத்திரி ஃபைலை தூக்கிட்டு போற தங்கச்சி.

மொதல்ல அந்த நோய் என்னனு சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஊர்ல ரத்த நோய்னாலே ரத்தம் கம்மின்னு தான் எல்லாரும் நெனப்பாங்க. இது நேர் எதிர். எலும்பு மஜ்ஜையில ரத்தம் தயார் பண்ற செல்லுல ஜாக்2ன்னு ஒரு மரபணு மாறிப்போய், போதும் நிறுத்துன்னு உடம்பு சொன்னாலும் கேக்காம செவப்பணுவை தயார் பண்ணிக்கிட்டே இருக்கும். இந்த மாற்றத்தை 2005ல தான் கண்டுபிடிச்சாங்க, பாலிசைத்தீமியா இருக்கிறவங்கள்ல 100க்கு 95 பேருக்கு இது இருக்கும். இதே நோய்க் குடும்பத்துல இன்னொண்ணு இருக்கு, எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா, அதுல பிளேட்லெட் எகிறும், நார்மல் ஒன்றரை லட்சத்துலேர்ந்து நாலரை லட்சம், இவங்களுக்கு ஏழு, எட்டு, சில சமயம் பத்து லட்சத்தையும் தாண்டும். டெங்கு சமயத்துல பிளேட்லெட் ஏறணும்னு பப்பாளி இலையை அரைச்சு குடிச்ச ஊரு நம்மளுது, ஏறுனா ஆபத்துன்னு சொன்னா நம்பவே மாட்டாங்க.

அக்காவுக்கு தலைபாரம்னு ரத்தம் பாத்தப்போ ஹீமோகுளோபின் 17க்கு மேல. பொம்பளைங்களுக்கு 16ஐ தாண்டுனாலே யோசிக்கணும். ஆனா ரிப்போர்ட்டை பாத்த எங்க சின்னம்மா, நல்ல ரத்தம்டி ராசாத்தி உனக்கு, ராகி களி தின்ன உடம்பாச்சேன்னு சந்தோஷப்பட்டுச்சு.

செவப்பணு கூடிப்போனா ரத்தம் கெட்டியாகும், கெட்டியானா கட்டி பிடிக்கும், காலுல பிடிக்கலாம், நுரையீரலுக்கு போகலாம், மூளைக்கு போனா பக்கவாதம், இந்த நோய்ல விசேஷமா ஈரலுக்கு போற வர்ற ரத்தக்குழாய்லயும் கட்டி பிடிக்கும். அதனால ரெண்டு வேலை பண்ணுவாங்க, தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின், அப்புறம் அப்பப்போ ரத்தத்தை எடுத்து விடுறது. லேப் ரிப்போர்ட்டுல பி.சி.வி.ன்னு ஒரு வரி இருக்கும், ரத்தத்துல செவப்பணு நூத்துக்கு எத்தனை பங்குன்னு காட்டுறது, அது 45க்கு கீழ இருக்கணும். இந்த 45 சும்மா சொன்ன நம்பர் இல்ல. இத்தாலியில 365 பேரை ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்பை 45க்கு கீழயும் இன்னொரு குரூப்பை 45லேர்ந்து 50க்குள்ளயும் வெச்சு பாத்தாங்க, 2013ல ரிசல்ட் வந்துச்சு. 45க்கு கீழ இருந்தவங்கள்ல 2.7 சதவீதம் பேருக்கு தான் பெரிய கட்டியோ ரத்தக்குழாய் சம்பந்தமான சாவோ வந்துச்சு, மேல இருந்தவங்கள்ல 9.8 சதவீதம். கிட்டத்தட்ட நாலு மடங்கு. அஞ்சு பாயிண்ட் தானேன்னு தோணும், அந்த அஞ்சுல தான் உசுரே இருக்கு.

இப்ப மாசம் நிக்கிறது இதுல எங்க வந்து மோதுதுன்னு பாருங்க, இது எனக்கு யாரும் சொல்லாம நானா கணக்கு போட்டு அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டு ஊர்ஜிதம் பண்ணிக்கிட்டது. மாசா மாசம் தூரமாகும்போது சராசரியா 30, 40 மில்லி ரத்தம் போகும், 80க்கு மேல போனா அதிகப்போக்குன்னு கணக்கு. ஒரு மில்லி செவப்பணுவுல ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கும், முழு ரத்தமா பாத்தா மில்லிக்கு அரை மில்லிகிராம். அப்போ இந்த நோய் இருக்கிற பொம்பளைக்கு இயற்கையே மாசம் ஒரு தடவை கொஞ்சம் ரத்தத்தை எடுத்து விட்டுட்டு இருந்திருக்கு, இரும்பையும் கொறைச்சிட்டு இருந்திருக்கு. அதனாலேயே சில பேருக்கு நோய் இருக்கிறதே வெளிய தெரியாது. நாள் நின்னதும் அந்த மடை அடைச்சுக்குது. அக்காவுக்கு முன்னாடி மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தா போதும், நின்னதுக்கப்புறம் ரெண்டு மாசம் கூட தாங்கல.

இதுக்கு நடுவுல எங்க சைடுலயே ஒரு கூத்து நடந்துச்சு. ரத்தம் எடுத்து எடுத்து உடம்புல இரும்புச்சத்து கொறஞ்சு போயிருக்கும், அது வேணும்னே அப்படி வெச்சிருக்கிறது, இரும்பு இல்லைனா மஜ்ஜையால வேகமா செவப்பணு பண்ண முடியாது. அசதியா இருக்குன்னு அக்கா பக்கத்துல ஒரு கிளினிக்குக்கு போச்சு, ஃபைலை எடுத்துட்டு போகல, அவங்க டெஸ்ட் பண்ணி இரும்புச்சத்து பாதாளத்துல இருக்கும்மான்னு சொல்லி ஒன்றரை மாசத்துக்கு அயர்ன் மாத்திரை எழுதிட்டாங்க. அதோட அம்மா வேற தினம் ஒரு டம்ளர் பீட்ரூட் ஜூஸ், பேரீச்சம்பழம். அடுத்த தடவை பி.சி.வி. 51. கிளினிக்கை முழுசா குறை சொல்ல மாட்டேன், தனக்கு ரத்தம் கூடுற நோய் இருக்குன்னு அக்கா வாயே தொறக்கல. அசதிக்கு காரணம் இரும்பு கம்மியா இருக்கலாம் தான், ஆனா அதுக்கு மருந்து வேணுமா வேணாமான்னு ரத்த டாக்டர் தான் சொல்லணும். ஜூஸை நிறுத்தும்மான்னா அம்மா கேக்கல. ஔவையாருக்கு அதியமான் நெல்லிக்கனி குடுத்த ஊரு இது, ஆயுசு கூட ஏதாவது சாப்பிட குடுக்காம இருக்க நம்ம ஆளுங்களால முடியாது.

சரி, வேர்வைக்கு வரேன்.

மாசம் நிக்கிற வேர்வை எப்படி இருக்கும்னா, நெஞ்சுலேர்ந்து ஆரம்பிச்சு கழுத்து மூஞ்சின்னு அலை மாதிரி ஏறும், மூஞ்சி செவக்கும், நெஞ்சு படபடங்கும், ஒரு நிமிஷம், அஞ்சு நிமிஷம், அப்புறம் வேர்த்து அடங்கி ஒரு சின்ன குளிர் அடிக்கும். மூளையில உடம்பு சூட்டை பாத்துக்கிற இடம் ஒண்ணு இருக்கு, மாசம் நிக்கும்போது ஈஸ்ட்ரோஜன்ங்கிற பொம்பளை ஹார்மோன் கொறஞ்சதும் அது தொட்டாச்சிணுங்கி ஆயிடும், அரை டிகிரி ஏறுனாலே ஐயோ வெந்துபோச்சுன்னு வேர்வையை தொறந்து விட்டுடும். ரத்த நோயோட வேர்வை அலை அலையா வராது, தூங்கி எந்திரிச்சா நைட்டி, தலகாணி ஒறையெல்லாம் நனைஞ்சு கெடக்கும், கூட எடை கொறையலாம், லேசா காய்ச்சல் காயலாம், மண்ணீரல் வீங்கி இடது பக்கம் விலாவுக்கு கீழ கனமா இருக்கும், நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும். நம்ம ஊர்ல ராத்திரி வேர்வைன்னா டி.பி.யையும் தைராய்டையும் ஒரு தடவை பாத்துடணும், இது ரெண்டையும் விட்டுட்டு மத்ததை தேடறது வீண்.

இன்னும் ரெண்டு இருக்கு, ஆளை ஏமாத்துறது. ஒண்ணு குளிச்சதும் வர்ற அரிப்பு, தோல்ல ஒரு தடிப்பும் இருக்காது ஆனா ஊசி குத்துற மாதிரி அரிக்கும், அதுவும் சுடுதண்ணியில குளிச்சா இன்னும் அதிகம். இது பாலிசைத்தீமியாவோட கையெழுத்து மாதிரி. நாங்க மூணு வருஷமா போர் தண்ணி உப்புன்னு நெனச்சு சோப்பை மாத்திட்டு இருந்தோம். ரெண்டாவது உள்ளங்கை உள்ளங்கால் செவந்து நெருப்பு வெச்ச மாதிரி எரியறது, இது பிளேட்லெட்டோட வேலை, ஆஸ்பிரின் போட்டா பெரும்பாலும் அடங்கிடும். மாசம் நின்னதால கால் எரியுதுன்னு யாராவது சொன்னா ஒரு தடவை ரத்தத்தை பாருங்க, ஆஸ்பிரினை நீங்களா வாங்கி போட்டு பாக்காதீங்க, ஏன்னு பின்னாடி வரும்.

கடைசியில எங்களுக்கு வழி காட்டுனது ரொம்ப சாதாரண விஷயம். ரத்த டாக்டர் சொன்னாரு, மொதல்ல ரத்தத்தை 45க்கு கீழ கொண்டு வந்து மூணு மாசம் நிறுத்துவோம், அதுக்கப்புறம் என்ன மிச்சம் இருக்கோ அது தான் மாசம் நின்னதோட பங்கு, அதுக்கு மருந்து யோசிக்கலாம்னு. இதை விட தெளிவா எனக்கு யாரும் சொல்லல. அக்கா புழு ரூம் காலண்டர்லயே எழுதுச்சு, அலை வந்தா ஒரு கோடு, நனைஞ்சு எந்திரிச்சா ஒரு வட்டம், குளிச்சு அரிச்சா ஒரு பெருக்கல் குறி. மூணு மாசத்துல வட்டமும் பெருக்கலும் கொறஞ்சுபோச்சு. கோடு மட்டும் அப்படியே நின்னுச்சு, ஒரு நாளைக்கு ஏழு, எட்டு.

இப்ப ஹார்மோன் கதை, அதாவது அந்த அலையை அடக்க கொறஞ்சுபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தா குடுக்கறது. ஹார்மோன்னாலே கேன்சர் வரும், ரத்தக்கட்டி வரும்னு ஒரு பயம் இருக்கே, அது பெரும்பாலும் 2002 ஜூலையில அமெரிக்காவுல வந்த ஒரு பெரிய ஆய்வுலேர்ந்து வந்தது, 16,608 பேர், பாதி பேருக்கு ஹார்மோன் மாத்திரை, பாதி பேருக்கு டம்மி. அதுல காலுலயோ நுரையீரல்லயோ ரத்தக்கட்டி, 10,000 பேருக்கு வருஷத்துக்கு டம்மி குரூப்புல 16, மாத்திரை குரூப்புல 34. ரெண்டு மடங்கு. மார்புப் புத்து, பக்கவாதமும் கொஞ்சம் கூடுச்சு, இடுப்பெலும்பு முறியறது கொறஞ்சுச்சு. ஆனா அந்த பொம்பளைங்களோட சராசரி வயசு 63. மாசம் நின்னு பத்து வருஷத்துக்கு மேல ஆனவங்க தான் அதிகம். நம்ம ஊர்ல 46, 47 வாக்குலயே நாள் நின்னுடுது, ராத்திரி தூக்கம் இல்லாம அவதிப்படற 48 வயசுக்காரிக்கு 63 வயசுக்காரியோட கணக்கை அப்படியே போடறது சரியில்லைனு அப்புறம் டாக்டர்களே சொன்னாங்க. இப்ப பொதுவா சொல்றது, 60 வயசுக்குள்ள, நாள் நின்னு பத்து வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சா, வேற தடை இல்லாதவங்களுக்கு நன்மை தான் தூக்கலா இருக்கும்.

அந்த "வேற தடை இல்லாதவங்க"ல தான் அக்கா வராது.

ஆனா கதை அங்கேயே முடிஞ்சுடல. அந்த ஆய்வுல குடுத்தது வாயில போடற மாத்திரை. வாயில போட்டா ஈஸ்ட்ரோஜன் குடல்லேர்ந்து நேரா ஈரலுக்கு போகும், ஈரல் தான் ரத்தம் உறையறதுக்கான புரதங்களை பண்ற பட்டறை, அவ்வளவு ஈஸ்ட்ரோஜனை ஒரே நேரத்துல பாத்ததும் அது உறையற சாமானை அதிகமா பண்ணி விட்டுடும். அதையே ஜெல்லா தோள்லயோ தொடையிலயோ தடவுனாலோ, பேட்ச்சா ஒட்டுனாலோ, தோல் வழியா நேரா ரத்தத்துக்கு போயிடும், ஈரல்ல அந்த மொத அடி விழாது. 2019ல பிரிட்டன்ல ரத்தக்கட்டி வந்த 80,000க்கு மேற்பட்ட பொம்பளைங்களோட ரெக்கார்டை, கட்டி வராதவங்களோட ஒப்பிட்டு பாத்தாங்க, மாத்திரை போட்டவங்களுக்கு கட்டி கூடுச்சு, தோல் வழியா எடுத்தவங்களுக்கு கூடல. பிரான்ஸ்லயும் அதுக்கு முன்னாடியே இதே மாதிரி தான் பாத்திருந்தாங்க. மருந்து அதே மருந்து தான், போற வாசல் மட்டும் வேற.

இதுல ஒரு எச்சரிக்கை இருக்கு, நெறைய பேர் இதை விட்டுட்டு ஜெல் சேஃப் ஜெல் சேஃப்னு சொல்லிட்டு போயிடறாங்க. அந்த ஆய்வு எல்லாம் பொதுவான பொம்பளைங்க மேல. ஜாக்2 மாற்றம் இருக்கிறவங்களை ரெண்டா பிரிச்சு ஒருத்தருக்கு ஜெல் ஒருத்தருக்கு டம்மின்னு பாத்த பெரிய ஆய்வு கெடையாது, ரொம்ப பேருக்கு வராத நோய், ஆள் சேக்கறதே கஷ்டம். 2006ல மேயோ கிளினிக் டாக்டருங்க பிளேட்லெட் கூடுற நோய் இருக்கிற பொம்பளைங்களோட பழைய ரெக்கார்டை பொறட்டி பாத்தாங்க, கருத்தடை மாத்திரை போட்டவங்களுக்கு ரத்தக்கட்டி அதிகமா இருந்துச்சு, மாசம் நின்னதுக்கு ஹார்மோன் எடுத்தவங்ககிட்ட அப்படி தெரியல. ஆறுதலான சேதி தான், ஆனா பழைய ரெக்கார்டு பொறட்டுறதுல யாருக்கு குடுத்தாங்க யாருக்கு குடுக்காம விட்டாங்கன்னு ஒரு சாய்வு இருக்கும், அதை வெச்சு தைரியமா குதிக்க முடியாது. அதனால தான் ஒரு டாக்டர் வேண்டவே வேண்டாம்பாரு, இன்னொருத்தர் பாத்து குடுக்கலாம்பாரு, ரெண்டு பேரும் பொய் சொல்லல.

நாங்க மொதல்ல பாத்த லேடி டாக்டர் பத்து நிமிஷத்துல ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதுனாங்க, வாயில போடறது. ரத்த நோய் பத்தி கேக்கல, அக்காவும் சொல்லல, கேட்டா, மாசத்துக்கு போனேன் அதை எதுக்கு சொல்லணும்னுச்சு. நல்ல வேளையா மாத்திரையை போடறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். ரத்த டாக்டர்கிட்ட காட்டுனா அவரு ஹார்மோனே கூடாதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சாரு, அவருக்கு பி.சி.வி. 51ல இருக்கிற பேஷண்ட் கண்ணு முன்னாடி நிக்குது, அந்த நேரத்துல அது தான் சரி. ஒரு உடம்பு ரெண்டு சீட்டு, ஒரு சீட்டு இன்னொரு சீட்டை பாக்கல, அது தான் எங்களுக்கு நடந்தது.

யாருக்கு இது பேச்சுக்கே எடமில்லைன்னும் சொல்லிடறேன். ஏற்கனவே ஒரு தடவை காலுலயோ நுரையீரல்லயோ வயித்துலயோ ரத்தக்கட்டி வந்தவங்க, பக்கவாதமோ ஹார்ட் அட்டாக்கோ வந்தவங்க, மார்புப் புத்து வந்தவங்க, ஈரல் கெட்டவங்க, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கிறவங்க, இவங்களுக்கு உடம்பு முழுக்க போற ஹார்மோன் பொதுவா குடுக்க மாட்டாங்க. மத்தவங்களுக்கு ரத்த அணு எண்ணிக்கை கட்டுக்குள்ள இருக்கா, பி.பி. சுகர் இருக்கா, சிகரெட் இல்லைனாலும் புகையிலை போடறாங்களா, எடை எவ்வளவு, இதெல்லாம் சேத்து தான் பாப்பாங்க. பி.பி. சுகர் விஷயத்துல நமக்கு ஒரு சௌகரியம் இருக்கு, வீட்டுக்கே வந்து மாத்திரை குடுக்குற மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டுல தொடங்குனதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தான். அந்த அக்காங்க வரும்போது பிரஷர் பாக்க கையை நீட்டுங்க, வெயில்ல நடந்து வர்றாங்க, அப்புறம் வாங்கன்னு அனுப்பாதீங்க.

கர்ப்பப்பை இருக்கிறவங்க ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுக்கக் கூடாது, உள்சவ்வு தடிச்சு புத்துநோய்ல போய் முடியலாம், கூட புரோஜெஸ்டிரோன் வேணும். அதுலயும் மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன்னு வர்ற காப்ஸ்யூல், மத்த செயற்கை வகையை விட ரத்தக்கட்டி விஷயத்துல சாதுன்னு சொல்றாங்க. காப்பர்-டி மாதிரி கர்ப்பப்பைக்குள்ள வெக்கிற ஹார்மோன் சாதனமும் இருக்கு, மாசம் நிக்கறதுக்கு முந்தின ரெண்டு மூணு வருஷம் கண்டபடி போக்கு இருக்குமே அதுக்கு இது நல்ல மருந்து, மருந்து பெரும்பாலும் அங்கேயே நின்னுடும். நம்ம பக்கம் முப்பத்தஞ்சு நாப்பது வயசுலயே போக்கு அதிகம்னு கர்ப்பப்பையை எடுத்துட்டு வந்தவங்க தெருவுக்கு ரெண்டு பேர் இருப்பாங்க, ஓவரியையும் சேத்து எடுத்திருந்தா மாசம் நிக்கிறது மறுநாளே வந்து நிக்கும், அவங்களுக்கு கணக்கே வேற, சின்ன வயசுலயே எலும்பு கரையும், அதனால ஹார்மோன் பத்தி கேக்காம விடவே கூடாது.

அப்புறம் நாள் தள்ளிப் போற மாத்திரை. இதை நான் கொஞ்சம் கோவமாவே எழுதுறேன். மாரியம்மன் திருவிழா, வீட்டுல கல்யாணம், கூழ் ஊத்தறது, எது வந்தாலும் மெடிக்கல்ல போய் சீட்டே இல்லாம வாங்கி வந்து ஒரு வாரம் பத்து நாள்னு போடறது. அதுல பெரும்பாலும் இருக்கிறது நார்எத்திஸ்டிரோன், ஒரு நாளைக்கு மூணு வேளை 5 மில்லிகிராம்னு போடும்போது உடம்புக்குள்ள அதுல ஒரு பங்கு எத்தினைல் ஈஸ்ட்ரடையாலா மாறும், அது கருத்தடை மாத்திரையில இருக்கிற அதே ஈஸ்ட்ரோஜன். ஹார்மோனே வேணாம்னு பயந்துட்டு இருக்கிற ரத்த நோய்க்காரி, சாமிக்குன்னு இதை போட்டுடறா, அது ஹார்மோன்னே அவளுக்கு தெரியாது. அக்காவே ரெண்டு வருஷம் போட்டிருக்கு. ரத்தப்போக்கை நிறுத்துற டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையும் இப்படித்தான், ரத்தம் அதிகமா உறையறவங்களுக்கு டாக்டரை கேக்காம போடக் கூடாது.

ஹார்மோன் இல்லாத வழி ஒண்ணும் சின்னது இல்ல. ராத்திரி வேளைக்கு கபாபென்டின் இருக்கு, வெனலாஃபாக்சின் இருக்கு. பாராக்ஸிட்டின்னு ஒரு மாத்திரை, மனசு மாத்திரை தான், கொறஞ்ச அளவுல குடுத்தா இந்த சூட்டு அலைக்கு கேக்கும், 2013ல அமெரிக்காவுல இதுக்குன்னே அனுமதி குடுத்தாங்க. வேடிக்கை என்னனா பாலிசைத்தீமியாவுல குளிச்ச பிறகு வர்ற அரிப்புக்கும் இதே மாத்திரையை குடுக்கறது உண்டு. ஆனா இந்த வகை மாத்திரையும் ஆஸ்பிரினும் சேந்தா ரத்தக்கசிவு கூடும். பிளேட்லெட் பத்து லட்சத்தை தாண்டுனவங்களுக்கு, நெறைய இருந்தும் ரத்தம் கசியற ஒரு தலைகீழ் நெலமை வரும், அதனால தான் ஆஸ்பிரினையே சில பேருக்கு நிறுத்தி வெப்பாங்க, மேல 'ஏன்னு பின்னாடி வரும்'னு சொன்னேனே, அது இது தான். கீழ வறட்சி, அடிக்கடி மூத்திரக் கடுப்புக்கு உள்ள தடவுற ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கு, ரத்தத்துல கலக்கறது ரொம்ப சொற்பம், முழு ஹார்மோன் வேணாம்னு சொன்ன டாக்டர் கூட இதுக்கு சரின்னாரு. இதை கேக்க நம்ம பொம்பளைங்க வாயே தொறக்கறதில்ல, அக்கா என்னை வெளிய போக சொல்லிட்டு தான் கேட்டுச்சு.

நாள் நின்னதுக்கப்புறம் அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டியதா ஆனதால அக்காவுக்கு ரத்த அணு தயாராகறதை கொறைக்கிற ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை ஆரம்பிச்சாங்க. நகம் கறுக்கும், வாயில புண்ணு, கணுக்கால்ல ஆறாத புண்ணு வரலாம், வெயில் ஆகாது, முந்தானையை தலைக்கு போட்டுட்டு தான் மல்பெரி தோட்டத்துக்கு போகுது. இந்த மாத்திரை வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆகாது. நாள் தப்பித் தப்பி வர்ற வயசுலயும் கரு தங்கலாம், 50க்கு கீழ இருக்கிறவங்க கடைசியா நாள் வந்து ரெண்டு வருஷம் வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும். கு.க. ஆபரேஷன் பண்ணவங்களுக்கு இந்தக் கவலை அவ்வளவா இல்ல.

எலும்பைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இது நம்ம மண்ணுக்கே உண்டான சிக்கல். தர்மபுரி, கிருஷ்ணகிரி நெலத்தடி தண்ணியில ஃபுளோரைடு, அதுக்குன்னே தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் போட்டு 2013லேர்ந்து காவிரி தண்ணி வருது, ஆனா 48 வயசுக்காரி சின்னதுலேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல போர் தண்ணி, கெணத்து தண்ணி குடிச்சவ தான். ஃபுளோரைடு ஏறுன எலும்பு ஸ்கேன்ல அடர்த்தியா காட்டும், ஆனா உள்ள பொலபொலன்னு இருக்கும், அதனால ஸ்கேன் நல்லா இருக்குன்னு சொன்னா பல்லு கறையையும் முட்டி பிடிப்பையும் சேத்து டாக்டர்கிட்ட சொல்லணும். எலும்புக்காக மட்டும் ஹார்மோன் எடுக்கணும்னு இல்ல, வாரத்துக்கு ஒரு தடவை வெறும் வயித்துல போட்டுட்டு அரைமணி நேரம் படுக்காம இருக்கிற மாத்திரை இருக்கு, ரத்தக்கட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா எலும்புக்குன்னு எழுதுற ராலாக்சிஃபீன் ரத்தக்கட்டியை கூட்டும், அந்த பேர் சீட்டுல இருந்தா நிறுத்தி கேளுங்க. ராகி 100 கிராம்ல கிட்டத்தட்ட 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, களியை விட்டுட்டு பரோட்டாவுக்கு போனது நம்ம தப்பு.

வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலை ஊர்ல இருக்கிறவங்க வேற ரத்த நோயையும் மனசுல வெக்கணும், செவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சுபோற அரிவாள் செல் நோய். அதுலயும் ரத்தக்கட்டி பயம் உண்டு, அதனால வாய் மாத்திரை ஹார்மோனுக்கு அதே தயக்கம். 2023 ஜூலையில மத்திய அரசு இதுக்கு தேசிய இயக்கம் தொடங்குச்சு, தமிழ்நாடும் அதுல இருக்கு, ஆனா ஸ்கிரீனிங் 40 வயசு வரைக்கும் தான். மாசம் நிக்கிற வயசுக்காரி அந்தக் கணக்குலயே இல்ல, அவளா போய் கேட்டா தான் உண்டு.

இப்ப அக்கா நெலமை. பி.சி.வி. 43, 44ல நிக்குது. ரெண்டு டாக்டரும் ஒருத்தர் சீட்டை ஒருத்தர் பாத்து, மொதல்ல ராத்திரிக்கு கபாபென்டின், கீழ தடவற கிரீம், அது போதலைனா மூணு மாசம் கழிச்சு கொறஞ்ச அளவு ஜெல்லும் புரோஜெஸ்டிரோன் காப்ஸ்யூலும், அதுவும் ரத்தம் கட்டுக்குள்ள இருந்தா மட்டும்னு முடிவு பண்ணாங்க. ஒரு கால் மட்டும் வீங்குனாலோ, மூச்சு தெணறுனாலோ, வாய் கோணுனாலோ, வயித்து வலி விடாம இருந்தாலோ யோசிக்காம 108ன்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கோம். வெயில் காலத்துல தண்ணி கொறஞ்சா ரத்தம் இன்னும் கெட்டியாகும், அதனால புழு ரூம் வாசல்ல ஒரு பானை. சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ்ல போனா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எறங்கி நாலு நடை.

கோடு இப்ப நாளைக்கு ரெண்டு மூணு தான் விழுது, ஜெல் இன்னும் வாங்கல. காலண்டர்ல தை மாசம் பொறக்கறதுக்கு முந்தின வாரத்துல அக்கா ஒரு வட்டம் போட்டு வெச்சிருக்கு, அன்னைக்கு வரைக்கும் நாள் வரலைனா பன்னெண்டு மாசம் முடியும், மாசம் நின்னுடுச்சுன்னு முறைப்படி சொல்லிக்கலாம். அதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் ஸ்கேனுக்கு வரணும்னு லேடி டாக்டர் சொன்னதை அந்த வட்டத்துக்கு பக்கத்துலயே பென்சில்ல எழுதியிருக்கு, புழு கூடு கட்ட சந்திரிகை தட்டுக்கு ஏறுற தேதிக்கு கீழ.